வார்டை அணைத்த வீடியோ கேம்

சொந்த அப்பாவின் ரத்தத்தை நடுவழியில் நிறுத்தியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் நிறுத்தியிருக்கிறேன். அதுவும் அவர் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணத்தில்.

அப்போது ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் செல்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். வரிசையாக வரும் போன்களில் திரை எரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எரிந்தால் பச்சைக் கூடை, எரியாவிட்டால் சிவப்புக் கூடை. ஏன் எரியவில்லை என்று பார்ப்பதற்கு வேறு ஆட்கள் உண்டு. ஆனால் ஊரில் நான் ‘டிஸ்ப்ளே இன்ஜினியர்’. (பட்டம் கொடுத்தது நான்தான்.)

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூலி வேலை செய்து, குத்தகைக்குக் கழனி பிடித்து, எங்களை ஆளாக்கியவர். ஐம்பத்தைந்து வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் திருப்பதிக்கு பஸ் ஏறி, நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. பேச்சுத் துணையாக இருந்த பக்கத்துக் கட்டில்காரர் ஒரு நாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அன்றிலிருந்து நைனா மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

என் போனில் கட்டை அடுக்கும் விளையாட்டைக் காட்டினேன். பிடித்துப்போனது. ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு அதே கையால் தட்ட முடியவில்லை.

இன்ஜினியர் பிறகு எதற்கு இருக்கிறான்? ரேணிகுண்டாவில் பழைய கார் சாமான் கடைக்குப் போனேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் காட்டுமே, அந்தச் சின்னத் திரையை வாங்கினேன். அதோடு உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, பேட்டரி, ஒரு கையால் அமுக்க நான்கு பெரிய பட்டன். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் அடைத்தேன். மூடி மூடவில்லை. தடித்த ஒயரை உருவிவிட்டுப் பழைய இயர்போன் ஒயரைப் போட்டேன். மூடியது.

அதற்குப் பிறகு திரை இரண்டு நிமிடம் எரியும், அணைந்துவிடும். சத்தம் மட்டும் வரும். திரையை மாற்றினேன். போர்டை மாற்றினேன். ஒயரை மட்டும் தொடவில்லை. கடைசியில், பேட்டரியில் தெம்பில்லை என்று தீர்ப்பு எழுதி, டேப் சுற்றிய ஒரு பழைய அடாப்டரோடு வார்டுக்குள் நுழைந்தேன்.

கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. ‘மிஷினுக்கு மட்டும்’ என்று தெலுங்கில் எழுதி ஒட்டியிருந்தார்கள். (எனக்குத் தெலுங்கு நன்றாகவே படிக்க வரும்.) சொருகினேன். திரை எரிந்தது. நைனா மூன்று வரிசை அடுக்கினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பல்லைப் பார்த்தேன்.

‘டப்’பென்று ஒரு சத்தம். டேப்புக்குள்ளிருந்து புகை. வார்டு முழுக்கக் கரண்டு போயிற்று.

“கட்டை நின்னு பூட்சிடா,” என்றார் நைனா, பெட்டியைப் பார்த்து.

நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலே ரத்தம் நின்றிருந்தது. மற்ற மிஷின்கள் பேட்டரியில் கத்திக்கொண்டே ஓடின. நைனாவுடையது பழையது, அதில் பேட்டரி கிடையாது. நர்ஸ் ஓடிவந்து, மிஷினில் ஒரு கைப்பிடியை மாட்டிக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தார். நின்றால் ரத்தம் குழாயிலேயே உறைந்துவிடுமாம்.

“எவுரு பெட்டேரு இதி? யாரு சொருவினது?” சுற்றிக்கொண்டே கத்தினார்.

நான் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். பதில் சொன்னது நைனாதான். “நான்தாம்மா சொருவச் சொன்னேன். புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க.”

எலக்ட்ரீஷியன் வந்து கரண்டைக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்புறம் அவர் என் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“பேட்டரி நல்லாத்தான் கீது. இவ்ளோ சன்ன ஒயர்ல கரண்டு எப்டிபா போவும்? இன்னா படிச்சிக்கீற?”

“டிஸ்ப்ளே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அன்றோடு எனக்கு வார்டுக்குள் இடமில்லை என்றாகிவிட்டது. தடித்த ஒயர் போட்டு, மூடியை ரப்பர் பேண்டால் கட்டிப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். நர்ஸ் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அனுமதித்தாராம். அடுத்த ஒன்றரை வருடம் நைனா உள்ளே கட்டை அடுக்கினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் எப்படி ஆடினார் என்று பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நைனா இறந்த அன்று ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்தவர், “பிளக் எங்க கீது?” என்று கேட்டார். பழக்கதோஷத்தில் எழுந்து ஒயரை வாங்கினேன். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

“டேய், நீ தொடாதடா! அவரு இன்னொரு தபா சாவணுமா?”

 முதலில் சித்தப்பா சிரித்தார். வீடே சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் யார் எதை பிளக்கில் சொருகப் போனாலும் இன்றைக்கும் அந்த வசனம்தான்.

நான் ஒயரைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றேன்.