புழுக்கைக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

சும்மா தருகிறேன் என்று சொந்தக்காரர் யாராவது வந்தால் எனக்கு இன்றைக்கும் மண்டை கொதிக்கும். எல்லாம் என் சித்தப்பாவின் உபயம்.

அப்போது நான் கால்நடை மருத்துவத்தில் மேல்படிப்பு மாணவி. ஆட்டு வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழுக்களைப் பூஞ்சையை வைத்து ஒழிப்பதுதான் ஆராய்ச்சி. அந்தப் பூஞ்சையைத் தவிட்டில் கலந்து கொடுத்தால், புழுக்கையோடு வெளியே வந்து முளைத்து, அதில் பொரிக்கும் புழுக்குஞ்சுகளை வலை போட்டுப் பிடித்துத் தின்னும். அதற்குப் புழுக்கை வயலிலேயே கிடக்க வேண்டும். என் பட்டம் அந்தப் புழுக்கையை நம்பித்தான் இருந்தது. (சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.)

"ஒரு வயல் வேணும் சித்தப்பா" என்றேன்.

"நம்ம வாய்க்காலோர வயல் சும்மாத்தான கெடக்கு? ராவுல ஆட்ட அடைச்சு கிடை போட்டுக்க பாப்பா. கிடைக்காரனை நானே பூதலூர்லேந்து கூட்டியாறேன்."

தலைவலி மாத்திரைகூட ஒருத்தருக்கும் தராத மனுஷன்! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? மண்டு, மண்டு!

வயலைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் பூஞ்சை தின்ற ஆடுகள், மறுபக்கம் தின்னாதவை. காய்ந்தால் பூஞ்சை முளைக்காது என்று தினமும் பூவாளியில் தண்ணீர் தெளித்தேன். வரப்பில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"ஆத்துல தண்ணி வரலன்னு நாம நாத்துக்கு அழுவுறோம். இது புழுக்கைக்கு ஊத்துது பாருடி!"

ஒரு நாள் காலையில் போனால் வயல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு புழுக்கை இல்லை. அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழும் கலியபெருமாள் அண்ணன், எல்லாவற்றையும் கூட்டி அள்ளி ஒரே சாக்கில் கட்டி வைத்திருந்தார்.

"யாரைக் கேட்டு அள்ளுனீங்க?" என்று கத்தினேன்.

"நீ யாரைக் கேட்டும்மா கிடை போட்ட? யாரு கிடை போடுறாங்களோ அவங்க கையிலதான் நிலம் இருக்குன்னு ஊரே சொல்லும். எங்கப்பா காலத்துலேந்து உழுவுறோம். எங்கள வெளியேத்தப் பாக்குறாரு உங்க சித்தப்பா. நீயும் அவரு பக்கந்தானா?"

அதற்குள் சித்தப்பா வி.ஏ.ஓ.வோடு வந்துவிட்டார். சித்தப்பா ஒரு கட்சிக் கரைவேட்டி, அண்ணன் எதிர்க்கட்சிக் கரைவேட்டி. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது.

"நம்ம கிடை சார். நிலம் நம்ம அனுபோகத்துலதான் இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணையே கேளுங்க, படிச்ச பொண்ணு!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! என்னையும் என் பூஞ்சையையும் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் போடவா பயன்படுத்தினார்?

"ஆமா சார், இவரு கூட்டியாந்த கிடைதான்! நான் வயல் கேட்டப்புறம் கூட்டியாந்தாரு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இங்க உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் கலியபெருமாள் அண்ணன்தான். எழுதிக்குங்க! என் புழுக்கையக் குடுக்கச் சொல்லுங்க!"

எழுதிக்கொண்டார். கையெழுத்தும் போட்டேன். நிலம் அண்ணனிடமே நின்றது. சாக்கும் திரும்பக் கிடைத்தது. ஆனால் பூஞ்சைப் புழுக்கை எது, வெறும் புழுக்கை எது என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சித்தப்பா என்னோடு பேசி வருஷக்கணக்காகிறது. பேசாமலே இருக்கட்டும்!

தை பிறந்தால் கலியபெருமாள் அண்ணன் அந்த வயலின் புது அரிசியை ஒரு சாக்கு அனுப்பிவிடுவார். சும்மா வருவதில் எனக்குக் கோபம் வராதது அது ஒன்றுக்குத்தான். அம்மா மட்டும் விடமாட்டாள். சாக்கைப் பிரிக்கும்போதெல்லாம் வீடே கேட்கச் சொல்வாள்:

"அரிசிதானான்னு நல்லாப் பாத்துட்டு ஒலையில போடுடி!"