கள்ளுப் போத்தலும் காபனீரொட்சைட்டும்

என் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் கள்ளு வாங்கியிருக்கிறேன். அதுவும் பிள்ளைகளின் விஞ்ஞானப் படிப்புக்காக. இதை யாரிடம் சொன்னாலும் முதல் வசனத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாவது வசனத்துக்கு ஒருவரும் காத்திருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இடையில் சிரித்தாலும் மிச்சத்தைப் படித்துத்தானே ஆகவேண்டும்.

நான் எங்கள் தீவில், புளியங்கூடலில் தனியே இருக்கிறவள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. (முடியவில்லை, முடித்துவைத்தார்கள். பெரிய பள்ளிக்கூடம் தூரம், பொம்பிளைப் பிள்ளை நடந்து போகக்கூடாது என்றார் ஐயா.) ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் திறக்காது. கலியாண வீட்டில் தண்ணீர் கேட்க வெட்கப்பட்டு, விக்கலோடு வீடு வந்து சேர்ந்தவள் நான். கமெரா என்றால் இன்னும் மோசம். எங்கள் குடும்பப் படங்களில் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு கொண்டை மட்டும் தெரியும். அது நான்.

இப்படிப்பட்டவளின் குசினிக்குத்தான் கொரோனா காலத்தில் ஒரு பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது.

வதனி என் தங்கையின் மகள், எனக்குப் பெறாமகள். தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். தாய் தகப்பன் கனடாவில் என்பதால் என்னைப் பார்க்க வந்திருந்தவள், ஊரடங்கு போட்டதும் என்னோடேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டு, போனில் படிப்பியுங்கள் என்றார்கள். அவள் பேயோட்டுகிறவள் மாதிரிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்து பார்த்தாள். சிக்னல் ஒழுங்காக வந்த இடம் குசினியின் பின் யன்னலடி மட்டும்தான்.

அன்றைக்கே என் ஆட்சி கவிழ்ந்தது. தேசிக்காய், அப்பச்சோடா, செவ்வரத்தம்பூ, தேயிலை வடி எல்லாம் விஞ்ஞானத்துக்குப் போயின. தேத்தண்ணி குடிக்கக் கிளாஸை எடுத்தால், "பெரியம்மா, அதிலை அமிலம் கிடக்கு!" என்று கத்துவாள். (தேசிக்காய்ப் புளிதான். ஆனாலும் கிளாஸைத் திருப்பி வைத்துவிடுவேன்.) வகுப்பு நடக்கிற நேரத்தில் அடுப்பைப் பார்க்கவேண்டுமென்றால், போனின் கண்ணில் படாமல் மேசைக்குக் கீழால் தவழ்ந்து போவேன். குழந்தையாக இருந்தபோது நான் தவழாமலே நடந்தவளாம். அந்தக் குறையையும் அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு தீர்த்துக்கொண்டேன்.

ஆனால் மேசைக்குக் கீழே இருந்தபடியே நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். செவ்வரத்தம்பூத் தண்ணீருக்குள் தேசிக்காய்ப் புளி விழுந்து அது பளிச்சென்று சிவந்தபோது, போனுக்குள் இருந்து பிள்ளைகள் "ஐயோ மிஸ்!" என்று கத்தின சத்தத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒரு போனுக்கு மூன்று நான்கு தலைகள். மண்டைதீவில் சுகந்தி என்று ஒரு பிள்ளை. படிப்பு இனி எங்கே என்று தகப்பனோடு வலையில் மீன் கழற்றப் போயிருந்தவள். மிஸ் பரிசோதனை காட்டுகிறா என்று கேள்விப்பட்டு, சித்தியின் போனை இரந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் சில பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள். டேட்டாவுக்குக் காசு கட்டுவது டீச்சர் குசினியில் விளையாடுவதைப் பார்க்கவா என்று. கல்வி அதிகாரி ஒருவர் தானே போனில் ஒரு வகுப்பைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் பரிசோதனை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எழுத்தில் குறிப்பு மட்டும் அனுப்பவேண்டுமாம்.

"குறிப்பு மட்டும் எண்டால் சுகந்தி நிக்கமாட்டாள், பெரியம்மா," என்றாள் வதனி. "அவளைப் போலை கனபேர் போயிடுவினம். பிறகு ஆராலையும் பிடிச்சுக் கொண்டுவர ஏலாது."

அதிகாரி வருகிற நாளுக்குரிய பாடம் நொதித்தல். சீனித் தண்ணீரில் மதுவத்தைப் போட்டால் காபனீரொட்சைட்டு வாயு வரும். அதை ஒரு குழாயால் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். சுண்ணாம்பு என் வெத்திலைத் தட்டத்தில் இருந்தது. மதுவம்தான் இல்லை. மதுவம் என்றால் பாணுக்குப் போடுகிற ஈஸ்ட். தீவில் பேக்கரியும் பூட்டு, கடையும் பூட்டு.

"படம் கீறித்தான் காட்டவேணும்," என்று வதனி முகத்தைத் தொங்கப்போட்டாள்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அத்தனை வருசம் சும்மா இருந்த வாய்தானே. "அப்பம் சுடுற மாவுக்குக் கள்ளு விட்டாலும் பொங்குந்தானே, பிள்ளை," என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பிறகு, "ஆனா பெரியம்மா, நான் டீச்சர். நான் போய்க் கள்ளுக் கேட்டால் ஊர் என்ன சொல்லும்? நீங்கள் வாங்கித் தாங்கோ," என்றாள்.

(நான் போய்க் கேட்டால் ஊர் பூமாலை போடுமா என்று அவள் யோசிக்கவில்லை.)

கள்ளு விற்கிற தவறணையும் பூட்டு. அடுத்த வளவில் பனை சீவுகிறவர் ராசண்ணை. என்னைவிட இளையவர்தான், ஆனால் ஊர் முழுக்க அண்ணை என்பதால் நானும் அண்ணை. அவருக்கு நான் அக்கா. விடியக் காலமை முகக்கவசத்துக்கு மேலால் சேலைத் தலைப்பையும் மூடிக்கொண்டு வேலியடியில் போய் நின்றேன்.

"அண்ணை, எனக்குக் கொஞ்சம்... அது வேணும்."

"எது அக்கா?"

"பனையிலை இருந்து வாறது."

"ஓலையோ? வேலியடைக்கவோ?"

"இல்லை."

"மட்டையோ?"

"இல்லை. தண்ணியா இருக்கிறது."

ராசண்ணை ஏணியை மெதுவாகச் சாத்திவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆருக்கு அக்கா?"

"பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு," என்றேன். அதைவிட மோசமான பதில் ஒன்றை இன்றைக்கு இருந்து யோசித்தாலும் என்னால் கண்டுபிடிக்க ஏலாது. அவசரமாக, "படிப்புக்கு, படிப்புக்கு," என்றும் சேர்த்தேன்.

"ஓம் ஓம்," என்றார் அவர். "நானும் இளந்தாரியா இருக்கேக்கை உந்தப் படிப்பு நல்லாப் படிச்சனான்."

பெரிய பிளாஸ்டிக் சோடாப் போத்தல் ஒன்றில் முக்கால்வாசி ஊற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. படிப்புக்கு என்றபடியால் தன் பங்கு என்றார்.

"சீனி போட்டு வெயிலிலை வையுங்கோ, பெரியம்மா. மூடியை மட்டும் சும்மா மேலை வையுங்கோ, இறுக்காதையுங்கோ," என்று வதனி சொல்லிவிட்டுத்தான் சேலை உடுத்தப் போனாள். அதிகாரி வருகிறார் என்று மஞ்சள் சேலை. நானும் சொன்னபடியே சீனியைப் போட்டு, கிணற்றடிக் கல்லில் வைத்து, ஊறப்போட்ட உடுப்பு மாதிரித் தெரியட்டும் என்று பழைய சேலை ஒன்றால் மூடினேன். அந்த நேரம் பார்த்து அயல்வீட்டுப் பிள்ளை வாளியோடு வந்தாள்.

"என்ன அக்கா, ஒரு மணம் வருது?"

"உடுப்பு," என்றேன்.

கள்ளு மணக்கிற உடுப்பு யாருடையது என்று அவள் யோசிக்கத் தொடங்குவதற்குள், சேலைக்குள் கையை விட்டு மூடியை இறுக்கினேன். பயத்தில் வந்த பலம் சும்மா பலமில்லை. இடியப்ப உரல் பிழிகிற கையால் இறுக்கினேன். மணம் நின்றது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வகுப்பு தொடங்கியது. நான் போத்தலோடு மேசைக்குக் கீழே என் வழக்கமான இடத்தில் இருந்தேன். போத்தல் கல்லு மாதிரி விறைத்திருந்தது. வெயிலில் வைத்தால் அப்படித்தானாக்கும் என்று நினைத்தேன். மேலே போனில் அதிகாரியின் குரல் கேட்டது. "தொடங்குங்கோ டீச்சர், எனக்கு வேறை அலுவல் இருக்கு." வதனி ஒரு கையில் குழாயும் மறுகையில் குழாயைச் சுற்றி அடைக்கக் கோதுமை மா உருண்டையுமாக நின்று விளக்கினாள். பிறகு குனிந்து, "பெரியம்மா, மூடியை எடுத்துப்போட்டுத் தாங்கோ," என்று குசுகுசுத்தாள்.

எடுத்தேன்.

அந்தச் சத்தத்தைச் சண்டைக்காலத்துக்குப் பிறகு எங்கள் வீடு கேட்டதில்லை. மூடி அடுப்புக்குப் பின்னால் போனது. கள்ளு மேசை விளிம்பில் அடித்து, சுவரில் அடித்து, மஞ்சள் சேலையைக் குளிப்பாட்டி, மிச்சம் என் தலையில் இறங்கியது. நான் "ஐயோ!" என்று துள்ளி எழும்பினேன். எழும்பினது நேரே போனுக்கு முன்னால். அவ்வளவு காலம் தோளுக்குப் பின்னால் ஒளித்த முகம், கொண்டை அவிழ்ந்து, கள்ளு வடிய, கையில் போத்தலோடு எல்லா வீடுகளிலும் தெரிந்தது.



"மிஸ், அது கள்ளெல்லோ?" என்றது சுகந்தியின் குரல்.

வேறு ஏதோ ஒரு வீட்டில் இருந்து ஒரு தகப்பனின் குரல் ஆவலோடு கேட்டது. "எங்கையாம் குடுக்கினம்?"

அதிகாரி இருமினார். "டீச்சர், என்ன கூத்து இது? பிள்ளையளுக்கு முன்னாலை கள்ளோ? இதோடை பரிசோதனையளை நிப்பாட்டுங்கோ. இனிக் குறிப்பு அனுப்பினாக் காணும்."

வதனி போனை விட்டு முகத்தைத் திருப்பினாள். அவள் அழுதால் கதை முடிந்தது, சுகந்தியும் நாளைக்கு வலைக்குப் போய்விடுவாள். நான் மேசைக்குக் கீழே திரும்பிப் போயிருக்கலாம். கால் போகவில்லை. தலையில் அவ்வளவும் ஊற்றுப்பட்ட பிறகு இனி எதற்கு வெட்கம் என்று இருந்ததோ என்னவோ.

"நிப்பாட்ட ஏலாது, தம்பி," என்றேன்.

"நீங்கள் ஆர்?"

"நான் இந்தக் குசினிக்காரி. கள்ளு வாங்கினதும் நான், மூடியை இறுக்கினதும் நான். பிள்ளையிலை பிழையில்லை. எனக்கு அஞ்சாம் வகுப்போடை நிப்பாட்டினவை. பள்ளிக்கூடம் தூரம் எண்டு சொன்னவை. இப்ப பள்ளிக்கூடம் என்ரை குசினிக்கு வந்திருக்கு. இதையும் நிப்பாட்ட உங்களை நான் விடன்."

"அம்மா, நான் சொல்லுறது என்னெண்டால்..."

"இன்னும் சுண்ணாம்புத் தண்ணி வெளுக்கேல்லை. அது வெளுத்தாப் பிறகு கதைப்பம். பாத்துக்கொண்டு இருங்கோ."

வதனியின் கையில் இருந்த குழாயை வாங்கிப் போத்தலில் செருகினேன். அடியில் எஞ்சியிருந்த கள்ளு இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. போத்தல் வாயை மா உருண்டையால் அடைத்து, குழாயின் மற்ற முனையைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டுப் பிடித்தேன். ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. தண்ணீர் அப்படியே கிடந்தது. என் மூக்கு நுனியில் இருந்து கள்ளுத் துளி ஒன்று மேசையில் விழுந்தது. ஒருவரும் போனைப் பூட்டவில்லை, அதிகாரியும் பூட்டவில்லை.

"மிஸ்! வெளுக்குது! கலங்குது மிஸ்!" என்று சுகந்திதான் முதலில் கத்தினாள்.

பிறகு எல்லா வீடுகளும் கத்தின. கள்ளு எங்கே என்று கேட்ட தகப்பனும், "அட, உண்மைதானடி!" என்றார். வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் வெளுத்தது, ஆர் சொல்லுவினம்?" என்று டீச்சர் குரலுக்குத் திரும்பினாள். "போத்தல் ஏன் வெடிச்சதெண்டும் சொல்லவேணும்."

"காபனீரொட்சைட்டு வெளியிலை போக இடமில்லை மிஸ்," என்றாள் சுகந்தி. "அந்த அம்மா இறுக்கிப்போட்டா."

கடைசியில் அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி டீச்சர், நடத்துங்கோ. ஆனா அறிக்கையிலை அந்தச் சாமானுக்கு வேறை பேர் போடுங்கோ." வதனி 'இயற்கை மதுவக் கரைசல்' என்று எழுதினாள். ராசண்ணைக்கு அந்தப் பெயர் நல்லாய்ப் பிடித்துவிட்டது. தவறணை திறந்த பிறகும் அவர் அப்படித்தான் சொல்லுவார்.

பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் என் குசினியில் வகுப்பு நடந்தது. நான் பிறகு தவழவில்லை. சுகந்தி விஞ்ஞானத்தில் சித்தியடைந்து இப்போது மேலே படிக்கிறாள். (பரீட்சையில் நொதித்தல் வரவேயில்லையாம். எனக்கு இன்னும் ஆத்திரம்.)

யாரோ ஒரு பிள்ளை அன்றைய வகுப்பைப் பதிவு செய்து அனுப்ப, அது கடல் தாண்டிப் போனது. கனடாவில் இருந்து என் தங்கை போன் எடுத்து, "அக்கா, நீ குடிக்கத் தொடங்கிட்டியாம்?" என்று அழுதாள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாண வீட்டிலும் ஒருவன் சோடாப் போத்தலைத் திறக்கப்போனால், இன்னொருவன் குனிந்து, "பொறு, மேசைக்குக் கீழை பெரியம்மா இருக்கிறாவோ எண்டு பாப்பம்," என்பான். சிரிக்கட்டும். நான் இப்போது பந்தியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

போன தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தோம். குசினிச் சுவரில் யன்னலுக்குப் பக்கத்தில் விரித்த கை மாதிரி ஒரு மஞ்சள் கறை. அதை மட்டும் விடச் சொன்னேன்.

"அம்மா, வாற போற சனத்துக்குக் கறை தெரியுமெல்லோ," என்றான் வெள்ளையடிக்க வந்த தம்பி.

"தெரியட்டும்," என்றேன்.