மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது

மூன்று மணிக்குத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பிரியாவிடை விழா. பன்னிரண்டரைக்கு ஜீவராஜின் கிட்டார்க் கட்டங்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

லிந்துலை மலை ஈரத்தில் கிட்டாரின் கழுத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மேசையில் கிடத்தி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். பூஞ்சணம் போனது. கட்டங்களுக்குள் இருந்த வெள்ளைப் புள்ளிகளும் கூடவே உரிந்து வந்துவிட்டன. மலிவுக் கிட்டார்; புள்ளிகள் வெறும் ஸ்டிக்கர்.

“கம்பியெல்லாம் இருக்குதானே? வாசிங்க” என்றாள் மனைவி பிரியந்தி.

“எந்தக் கட்டத்துல வெரல வைக்கிறதுன்னு புள்ளிதான் புள்ள காட்டும். அது இல்லாம ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டா நிப்பேன்?”

பாட்டு தனுஜா மிஸ்ஸுக்காக. தோட்டத்து மருத்துவிச்சி, இன்றோடு ஓய்வு. மூன்று வருடத்துக்கு முன், மண் சரிந்து பாதை அடைபட்ட நாளில், கொழுந்து லொறிக்குள்ளேயே பிரியந்திக்குப் பிரசவம் பார்த்தவர். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவரால். அந்த நன்றியைச் சொல்லத்தான் ஜீவராஜ் ஆறு மாதமாகப் பாட்டுக் கட்டிப் பழகியிருந்தான்.

பிரியந்தி தன் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். அவன் சட்டை மாற்றி வருவதற்குள் ஒட்டி முடித்துவிட்டாள். கட்டத்துக்கு ஒரு பொட்டு, ஒன்றுவிடாமல்.

“எல்லாத்துலயும் இருந்தா எது எதுன்னு எப்படித் தெரியும்? மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது. பன்னெண்டுல மட்டும் ரெண்டு!”

“மொதல்லயே சொல்லக் கூடாதா?”

பொட்டுகளைப் பிய்த்தார்கள். பசை போகவில்லை. அதன்மேலேயே நகப்பூச்சு வைத்தார்கள். காய்ந்துவிட்டதா என்று ஜீவராஜ் தடவிப் பார்த்தான். கழுத்து முழுக்கச் சிவப்பு.

“கோழி அறுத்த கட்டை மாதிரி இருக்குங்க.”

மறுபடியும் மண்ணெண்ணெய். மணி இரண்டே கால்.

ஓட்டோ பிடித்து, வழியில் சரிபுதீன் நானாவின் கடையில் நிறுத்தினார்கள். விஷயத்தைக் கேட்டவர் டிப்பெக்ஸ் வெள்ளைப்பூச்சுக் குப்பி ஒன்றை நீட்டினார்.

“ஆபீஸ்ல பிழையெல்லாம் மறைக்கிறது இதாலதான். கொண்டு போங்க தம்பி. எங்கட மகளும் அந்த மிஸ்ஸோட கையில பொறந்தவதான்.”

வளைவுக்கு வளைவு ஓட்டோ குலுங்க, பிரியந்தி எண்ணிச் சொல்ல, ஜீவராஜ் புள்ளி வைத்தான். மண்டபத்தில் இறங்கும்போது காய்ந்திருந்தது.

மேடையேறி வாசிக்கத் தொடங்கினான். கண் தானாகப் புள்ளியைப் பிடித்தது. விரல் பின்னாலேயே போனது. ஓரிடத்திலும் பிசகவில்லை. லொறி வரும் வரியில் தனுஜா மிஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் மேடையேறி அவன் கையைப் பிடித்தார்.

“இதுக்கு மேல எனக்கு என்ன தம்பி வேணும்?”

ஜீவராஜ் மைக்கை இழுத்தான்.

“இந்தப் புள்ளிங்க இல்லாட்டி எனக்கு இன்னைக்கு வாசிப்பே இல்லங்க. எண்ணிச் சொன்ன என் சம்சாரத்துக்கும், சரிபுதீன் நானாவுக்கும் கோடி நன்றி!”

மண்டபமே கைதட்டியது. பிரியந்தி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கீழே இறங்கியவனிடம், ஒலிபெருக்கி கட்ட வந்திருந்த நிரோஷன் கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் கிட்டார் வாசிப்பவன்தான்.

“அண்ணே, முன்பக்கம் நீங்க வச்ச புள்ளியெல்லாம் ஒரு கட்டம் தள்ளித் தப்பா இருக்கு, வாசிக்கிறப்போ நீங்க பாத்துக்கிட்டிருந்தது கழுத்தோட மேல் ஓரத்துல கம்பெனிக்காரன் பதிச்ச குட்டிப் புள்ளிங்களத்தான்!”