சைவ வரிசை

கமர்ஜஹான் தூக்குச்சட்டியைத் திறந்ததும் பக்கத்திலிருந்த பிள்ளைகள் இலையோடு நகர்ந்தார்கள். உள்ளே இருந்தது அம்மா ஜெய்தூன் பீவி விடியுமுன்பே எழுந்து வதக்கிய ஆட்டுக்கறி. சிறுமலை அடிவாரத்துச் சாரணியர் கோடை முகாமில் பத்து வயது மகளுக்கு யாரையும் தெரியாது. கறியைப் பகிர்ந்தாவது ஒரு சிநேகிதி கிடைக்கட்டும் என்பது அம்மாவின் கணக்கு.

"அய்யய்யோ, கறியா!" என்றாள் ஆனந்தமேரி.

அங்கே முக்கால்வாசி மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகள். கமர் தெருவில் வேதக்கார வீடே கிடையாது. இவர்கள் கறி தொடாத கூட்டம்போல என்று முடிவுகட்டினாள்.

"நானும் திங்க மாட்டேன். எனக்கு வாடையே ஆகாது. அம்மா தெரியாம வச்சிருச்சு."

பெற்ற தாய்க்கே தெரியாத விஷயம் அது!

மறுநாள் மத்தியானம் அண்டா நிறையக் கறிக்குழம்பு. ஆனந்தமேரி முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"நேத்து வேணாம்னியே?"

"நேத்து வெள்ளிக்கிழமைல்ல! வெள்ளிக்கிழமை நாங்க கறி திங்கக் கூடாது."

தவளை தன் வாயால் கெட்டது. கமர் நேற்றுச் சொன்னது டீச்சர் காதுவரை போயிருந்தது. அதுவும் அந்தக் கறி வந்தது கமரின் அத்தாவுக்கு அண்ணனான பெரியத்தாவின் கறிக்கடையிலிருந்து.

"டீச்சர், நானும் எல்லாரோடயும் உக்காந்துக்கிறேன்."

"வேணாம் கண்ணு, உனக்குத்தான் வாடை ஆகாதே" என்று டீச்சர் அவள் இலையைத் தூரத்துப் புளியமரத்தடிக்கே கொண்டுபோய்ப் போட்டார். கத்தரிக்காய் வெஞ்சனத்தைப் பார்த்ததும் கமருக்கு அழுகை வந்துவிட்டது.

செத்த நேரத்தில் ஒருத்தி இலையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நிலக்கோட்டை விசாலாட்சி.

"நீயும் சைவமா?"

"ம்."

அன்றிலிருந்து முடிச்சுப் போடுவதும் கூடாரம் கட்டுவதும் இருவரும் சேர்ந்துதான். கமருக்கு வாழ்க்கையில் முதல் சிநேகிதி. ஆனால் பயமும் கூடவே வந்தது. உண்மை தெரிந்தால் போய்விடுவாளே! அதனால், "கறி வாடை பட்டாலே எனக்குத் தலை வலிக்கும்" என்று இன்னொன்றை அவிழ்த்துவிட்டாள்.

"எனக்கு வாந்தியே வரும்" என்றாள் விசாலாட்சி. இனி வாயைத் திறக்கவே வழியில்லை.

கடைசி நாள் மறுபடியும் கறி. கமரால் தாங்க முடியவில்லை. சமையல்கட்டுக்குள் நழுவி, அண்டாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்ட நேரம் சமையற்கார வியாகுலம்மாள் வந்துவிட்டாள்.

"யாத்தி! நீயா?"

"யக்கா, விசாலாட்சிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நான் சைவம்னு நம்பித்தான் அவ என்கூட இருக்கா."

வியாகுலம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அடி போடி! அன்னிக்கு நீ ஒத்தையில உக்காந்து அழுகுறதப் பாத்து, கறி ஊத்தப் போன எலையத் தூக்கிட்டு ஓடுனவ அவ. இப்பத்தான் இங்கன ரெண்டு துண்டத் தின்னுட்டு, 'கமருகிட்ட சொல்லிராதீங்க'ன்னுட்டுப் போறா!"