மாப்பிள்ளை ரிலேயை வென்ற படலம்

வாழ்க மாப்பிள்ளை! ஸ்பானர் தழும்பேறாத் தாமரைக் கையோன், மெக்கானிக் என்ற சொல் கேட்டாலே மீசை துடிக்கும் மானத்தோன், இரண்டே வீடியோ பார்த்து எஞ்சின் சாத்திரம் முற்றும் கற்றுத் துறைபோகிய வித்தகன் வாழ்க! அவன் பெருமை பாட ஒரு வாய் போதாது, கண்ணுகளா. ஆனாலும் இருக்கிற வாயால் சொல்கிறேன், நெருங்கி உட்காருங்கள்.

முந்தின மாலை, காரின் மேனி மின்னினால் மட்டும் போதுமா, உள்ளமும் தூய்மை பெற வேண்டாமா என்று திருவுளம் கொண்ட அவ்வீரன், "எஞ்சின்ல தண்ணி அடிக்காதீங்க" என்ற மனையாளின் சொல்லைத் தூசென ஒதுக்கி, முன்மூடியைத் தூக்கித் தோட்டக்குழாயால் ஒரு மழைக்காலத்தையே அங்கு வருவித்தான். மூண்டது வாய்ப்போர். அது ஓய்ந்தபின் மூண்டது, அதனினும் கொடிய பேசாப்போர்.

விடிந்தால் அவளுக்கு நேர்முகத் தேர்வு. வேலை போனபின் எத்தனையோ விண்ணப்பம் போட்டு வந்த ஒரே அழைப்பு. தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்களாம். துணைக்கு வரும் அவள் அம்மா பின்சீட்டில் அமர, மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். விளக்கெல்லாம் எரிந்தன. எஞ்சினோ ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தது.

"மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லும்மா" என்றாள் மகள், கணவனுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டே.

"மெக்கானிக்கைக் கூப்பிடணுமாம், மாப்பிள்ளை."

"என் உடம்புல உயிர் இருக்கிறவரைக்கும் இந்த வண்டியில இன்னொருத்தன் கை படாதுன்னு சொல்லுங்க, அத்தை!"

சொன்னான், எழுந்தான், சட்டைக்கை சுருட்டினான். குகை வாய் பிளந்ததென மூடி பிளக்க, பேட்டரியைத் தட்டிப் பார்த்து, பியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி உற்றுநோக்கி ஊதி, ஒன்றிலும் குற்றம் காணாமல், கடைசியில் ரிலே என்னும் கறுப்புக் குட்டிப் பெட்டியின்முன் வந்து நின்றான். சாவி திரும்பியதும் எஞ்சினுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் வாயிற்காவலன் அது. விரல் வைத்து அதன் நாடி பார்க்க வேண்டும். அதே கணத்தில் உள்ளே ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். மலைபிளக்கும் தோள் இருந்தென்ன, அவ்வளவு தூரம் எட்டும் கை இல்லையே!

"சாவியைத் திருப்பச் சொல்லுங்க, அத்தை."

"சாவியைத் திருப்பணுமாம்டி."

மகள் ஓட்டுநர் சீட்டுக்கு மாறினாள். "திருப்பியாச்சுன்னு சொல்லும்மா. மணி ஆகுதுன்னும் சொல்லு."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் தொண்டைதான் வத்துது" என்றாள் அத்தை.

விரலடியில் 'டிக்' என்றது. ஆயினும் மின்சாரம் வெளியேற வேண்டிய அதன் மறுகாலில் வைத்த சோதனை பல்பு எரியவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறக்காத காவலாளி! பிடுங்கிக் குலுக்கினான் மாவீரன். பகைவனின் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் வந்தது. அது எங்கிருந்து வந்த தண்ணீர் என்ற ஆராய்ச்சியில் அவன் இறங்கவில்லை. அறிஞர்க்கு எல்லாம் அறிய நேரம் ஏது? அத்தை பார்க்குமுன் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பக்கத்திலேயே அதே அச்சில் வார்த்த இன்னொரு ரிலே, ஹாரனுக்குக் காவலாக இருந்தது. அதைப் பெயர்த்து இதன் அரியணையில் அமர்த்தி, "திருப்பச் சொல்லுங்க!" என்று முழங்கினான். இடியேறு நூறு ஒருங்கே உறுமியதென எஞ்சின் உறுமியது!

அப்பா! மூடியை அறைந்து சாத்தி, காரின் முன்னே கால் அகட்டி நின்று, கறைபடிந்த கரங்களை வானோக்கி உயர்த்தி, "பாத்தீங்களா அத்தை! எந்த மெக்கானிக்காலயும் முடியாததை..." என்று அவன் தொடங்கிய வெற்றியுரை, படைதிரட்டல் முதல் பகைமுடித்தல் வரை பேராறாய்ப் பெருக்கெடுத்து, காலமும் கடிகாரமும் மறந்து ஓடிக்கொண்டிருக்க, மகள் ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மீண்டும் அழுத்தினாள். வரவில்லை. அம்மா வாய் திறக்குமுன் தானே கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"தள்ளி நில்லுங்க, நேரமாச்சு."

மாப்பிள்ளை தள்ளி நின்றார்.