மூன்று சகலன்மாரும் ஒரு கம்பனியும்

இன்டநெட் கம்பனியை மண்டியிட வைக்காமல் விடுவதில்லை என்று ஜெயரூபன் சபதம் எடுத்தபோது, அவன் தேங்காய் திருவிக்கொண்டிருந்தான்.

முந்தின நாள் போனில் பார்த்த மேட்சில் கடைசிப் பந்து வானத்தில் நின்றது, நின்றதுதான். வட்டம் மட்டும் சுற்றியது. பிடிபட்டதா சிக்ஸரா என்பதை மீன்காரர் சொல்லித்தான் அவன் அறிந்தான். பெரியகல்லாற்றில் அவன் வீடு இருந்த ஒழுங்கைக்கு வயர் இழுத்தது ஒரே ஒரு கம்பனி. மற்றக் கம்பனிகளின் சிக்னல் வேண்டுமென்றால் வாவிக்குள் முழங்காலளவு தண்ணியில் போய் நிற்க வேண்டும். அந்தத் தைரியத்தில், யார் முறைப்பாடு சொன்னாலும் ரவுட்டரை நிப்பாட்டிப் போடச் சொல்லிவிட்டுக் கம்பனி போனை வைத்துவிடும்.

"நான் ஆரெண்டு காட்டுறன் புள்ள," என்றான் மனைவி கம்சாயினியிடம்.

"காட்டுங்க மச்சான். தேங்காயத் திருவிப்போட்டுக் காட்டுங்க."

பாதித் தேங்காயை அப்படியே விட்டு எழும்பிவிட்டான். நாளைக்குப் பின்னேரம் இறுதி மேட்ச். அதற்குள் கம்பனி திருந்த வேண்டும்.

ஒழுங்கையில் மூன்று வீடு. மூன்றும் அக்கா தங்கைமாரின் சீதன வீடு. நடுவில் வேலி கிடையாது. மூத்தவளின் புருசன் நல்லரத்தினம், கடைசி கஜானியின் புருசன் உதயரூபன், நடுவில் இவன். மூன்று லைனையும் ஒரே நாளில் வெட்டினால் கம்பனி ஓடிவந்து காலில் விழும் என்று ஜெயரூபன் முற்றத்தில் நின்று முழங்கினான். ஒரு லைனை வைத்து மூன்று வீடும் பாவிக்கலாமே என்று உதயரூபன் மெல்ல இழுத்தான். மற்ற இருவரும் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். சகலனிடம் போய்ப் பாஸ்வேட் கேட்பதிலும் பார்க்க வாவிக்குள் நிற்கலாம்.

அடுத்த நாள் காலை, அயன் பண்ணின சேட்டோடு மூவரும் கம்பனிக் கந்தோருக்குப் போனார்கள்.

"மூண்டையும் வெட்டுங்க," என்றான் ஜெயரூபன், மேசையில் கையை ஊன்றி.

அங்கிருந்த பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "லைன் யார்ர பேரில சேர்?"

பெண்சாதிமாரின் பேரைச் சொல்ல வேண்டி வந்தது. வீடு பெண்சாதியுடையது. கரண்டும் தண்ணியும் இன்டநெட்டும் வீட்டுக்காரியின் பேரில். இவர்கள் கலியாணத்தன்று ஆளுக்கொரு சூட்கேசோடு அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

"அப்ப நீங்க எங்கட வாடிக்கையாளரே இல்ல சேர்," என்றாள், மிகவும் மரியாதையாக. "வீட்டுக்காரிமாரக் கூட்டிற்று வாங்க."

ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். ஒழுங்கைக்குள் திரும்பினால் போஸ்டில் ஏணி சாத்தியிருக்கிறது. கம்பனிப் பொடியன்கள் புது வயர் இழுக்கிறார்கள். ஜெயரூபனுக்கு நெஞ்சு விம்மியது.

"பாத்தியா புள்ள? நாங்க போனதும் பயந்திட்டான்."

கம்சாயினி மீன் வெட்டுகிற கையை நிறுத்தவில்லை. "நாங்க நேத்தே மெனேஜரோட கதைச்சிட்டம் மச்சான். எங்களுக்குள்ள வேலி இல்ல, மூண்டு வீட்டுக்கும் ஒரு லைனே போதும், ரெண்ட வெட்டுங்க எண்டம். இந்த யோசினைய ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுப்பம் எண்டம். மனிசன் நடுங்கிட்டான். பழைய காசுக்கே புது வயர்."

"அப்ப நாங்க போனது?"

"நீங்க இஞ்ச நிண்டா வாற பொடியனுகளோட சண்டைக்குப் போவீங்களெண்டு அக்கா சொன்னா. அதான் பேசாம விட்டம். நீங்க வருவீங்களெண்டு அந்தக் கந்தோர்ப் பிள்ளைக்கும் சொல்லி வச்சம்."

பின்னேரம் மேட்ச் தொடங்கியது. லைன் பறக்கிறதாம். மூத்த வீட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. ஜெயரூபனின் போனில் மட்டும் ஒன்றுமில்லை.

"புள்ள, பாஸ்வேட் மாறிக் கிடக்கு."

"ஓம் மச்சான்," என்று பிரிட்ஜைத் திறந்தாள். நேற்று விட்டுப்போன பாதித் தேங்காய் வெளியே வந்தது. "திருவி முடிங்க, சொல்றன்."