சோப்புக்கு எதிராக ஒரு மூக்கு

"இந்த வீட்ல ஒண்ணு சோப்பு இருக்கணும், இல்ல என் மூக்கு இருக்கணும். ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாது."

காலைக் காபியோடு என் வீட்டுக்காரர் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்க்கட்சியான நான் அடுப்படியில் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன்.

"மூக்கை வெச்சுக்கலாம். கண்ணாடி நிக்க ஒரு இடம் வேணுமே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தும்மினார். தும்மல் என்றால் நீங்களும் நானும் போடுகிற தும்மல் இல்லை. முதலில் முகம் கூரையைப் பார்க்கும். ஒரு கை காற்றில் எதையோ துழாவும். "ஹா... ஹா..." என்று நீண்ட ஆலாபனை. கடைசியில் வெடி. மாடி வீட்டுக்காரர்கள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடிவருவார்கள், இடி இடிக்கிறது என்று.

"பாத்தியா? உன் லாவெண்டர்! மூக்கைத் துளைக்குது. அந்தப் பின்ரூமைக் காலி பண்ணு. இல்லன்னா ஒரு நாள் நான் தும்மியே போய்ச் சேர்ந்துடுவேன்."

பின்னறை. அதுதான் விஷயம். மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான அறை அது. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. இவர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே சத்தம் போடாமல் அதைப் பிடித்துவிட்டேன். ஒரு சுவரில் மெழுகுவர்த்தி அலமாரி. எதிர்ச் சுவர் முழுக்கச் சோப்பு. சோப்பை ஊற்றி வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். காற்றோட்டமாக அடுக்கி வாரக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு விற்றால் அதில் போட்ட காஸ்டிக் சோடா காரம் தோலைக் கடிக்கும். இடம் இல்லாதவள் சோப்புத் தொழில் பண்ணுவது, தொட்டில் இல்லாதவள் பிள்ளை வளர்ப்பது மாதிரி. அறை போனால் என் தொழில் போச்சு.

வீட்டுக்காரர் கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் இருந்தவர். சமீபத்தில்தான் ஓய்வு. ஓய்வு அவருக்கு, எனக்கு ஓவர்டைம். வாழ்நாள் பூராவும் நேர்கோடு போட்ட மனிதருக்குக் கோணலாக எதைப் பார்த்தாலும் ஆகாது. சுவரில் காலண்டர் கோணலாக இருக்கக்கூடாது. தட்டில் ரொட்டித் துண்டு கோணலாக இருக்கக்கூடாது. என்னை மட்டும் நிமிர்த்த முடியாமல் விட்டுவிட்டார்.

இனி அந்த லாவெண்டர் விவகாரம். உங்களிடம் மறைப்பானேன்?

லாவெண்டரே இல்லை.

அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த அத்தனையும் குழந்தைத் துணிக்கடை அம்மா கேட்ட சோப்பு. பச்சைக் குழந்தைகளுக்கு. "துளி வாசனை இருந்தாலும் வாங்க மாட்டேன்," என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எண்ணெய், தண்ணீர், காரம். அவ்வளவுதான். மெழுகுவர்த்தியும் வெறும் மெழுகு. போன தடவை நிஜமாகவே லாவெண்டர் கலக்கினேனே, அப்போது இதே மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றார். ஒரு செருமல்கூட இல்லை.

என்ன சோப்பு, யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பொய் சொன்னால் நரகம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் தும்மல் தொடர்ந்தது. திரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்திருந்தேன். காற்றே படாமல் கடைசிவரை எரிய வேண்டும். அறை வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டார். அணைந்துவிட்டது. அவருக்கே கொஞ்சம் பெருமை.

ஆனால் அந்த மனிதர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஆபீசிலிருந்து தன் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைக்க இடமில்லை. ஹால் கதவுக்குப் பின்னால் நின்றது, சுவரைப் பார்த்தபடி, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. அவர் அதன்மேல் படிந்த தூசியை மட்டும் தினம் துடைப்பார். துடைத்துவிட்டுப் பின்னறை ஜன்னலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தும்முவார்.

எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக அறையைக் கொடுத்துவிட முடியுமா?

துணிக்கடை அம்மா சோப்பைப் பார்க்க வந்த அன்றுதான் எல்லாம் ஒன்றாக வெடித்தது. அவர் ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே வைத்தார். திருப்பி முகர்ந்தார். நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"ஒண்ணுமே வரல மேடம். இப்படித்தான் கேட்டேன். மாசாமாசம் குடுக்க முடியுமா?"

"முடியும்," என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கூடவே பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா. சாட்சிக்கு ஆள் கூட்டி வந்திருக்கிறார்!

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க. நீங்களே பாத்து இவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறா. இந்த ரூமுக்குள்ள காலை வெச்சாலே..."

முகம் கூரைக்குப் போனது. கை துழாவியது. ஹா... ஹா... அன்றைக்குச் சபையும் பெரியது அல்லவா, ஆலாபனையும் நீண்டது. வெடித்தது.

"லாவெண்டர்! தாங்க முடியல!"

துணிக்கடை அம்மா கையிலிருந்த சோப்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"லாவெண்டரா? என்ன மேடம் இது? வாசனையே போடலன்னு சொன்னீங்க?"

"போடலங்க."

"என் மூக்குக்குத் தெரியல, சரி. சாருக்குத் தெரியுதே? பெரியவருக்கே இப்படின்னா பச்சக் குழந்தைக்கு என்ன ஆகும்?" கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

சும்மா வேடிக்கை பார்க்கலாம் என்று விட்டது இப்படி என் தலையிலேயே வந்து விடிகிறதே! இனி நான் என்ன சொன்னாலும் விற்கிறவள் பேச்சு. தும்மினவர்தான் காப்பாற்ற வேண்டும்.

அவரைப் பார்த்தேன். "சொல்லுங்க. இது பொறந்த குழந்தைங்களுக்குன்னு பண்ணின சோப்பு. வாசனை போடாத சோப்பு. உங்களுக்கு லாவெண்டர் வாசம் வருதா?"

அவர் சோப்பைப் பார்த்தார். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து, இத்தனை நாளில் முதல்முறையாக, உண்மையாகவே முகர்ந்தார். காது சிவந்துவிட்டது. வேண்டுமென்றால் இன்னொரு தும்மல் போட்டிருக்கலாம். அறை அவருக்கு, ஆர்டர் காற்றுக்கு. ஒரு விநாடி அந்த ஜன்னலையும் பார்த்தார் பாவம்.

"இல்லம்மா," என்றார் துணிக்கடை அம்மாவிடம். "சோப்புல ஒண்ணும் இல்ல. எனக்கு... எனக்கு ஜலதோஷம். அடைச்ச மூக்குக்கு எது நாறுது, எது மணக்குதுன்னு எங்க தெரியுது!"

"ஜலதோஷமா?" துணிக்கடை அம்மா ஓரடி பின்னால் போனார். "அதை வெச்சுக்கிட்டு குழந்தைங்க சோப்புமேல வந்து தும்முறீங்களா? முதல்ல வெளிய போங்க சார்!"

பிடிக்க வந்த அறையிலிருந்து என் வீட்டுக்காரர் துரத்தப்பட்டார். நர்ஸ் அக்கா விடுவாரா? "ஜலதோஷத்தை இத்தனை நாளா வளர விட்டிருக்கீங்களே தம்பி! வாங்க இப்படி," என்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே ஹாலுக்கு இழுத்துப் போனார். கொளுத்துகிற வெயிலில் கம்பளி போர்த்தி, கொதிக்கிற தண்ணீருக்கு முன்னால் உட்காரவைத்து, தலைக்குமேல் துண்டையும் மூடிவிட்டார். ஐஸ் தண்ணீர் கூடாது. மின்விசிறி கூடாது. வேர்க்கடலையும் கூடாது.

ஆர்டர் உறுதியானது. துணிக்கடை அம்மாவை வழியனுப்பிவிட்டு வந்து துண்டின் எதிரில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சேதான் தும்ம விட்டியா?" என்றது துண்டு.

"நீங்க எதுவும் கேக்கலையே."

"வேலையத்தவன் தும்முறான்னு வேடிக்கை பாத்திருக்க."

"நல்லா இருந்துச்சுங்க. ரெண்டாவது ‘ஹா’ மட்டும் கொஞ்சம் இழுத்துட்டீங்க."

துண்டுக்குள் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் துண்டின் ஓரம் கொஞ்சம் தூக்கியது.

"அந்த ஜன்னல் வெளிச்சம்... போர்டு போட்டா நிழலே விழாது."

"ரூம் வேணும்னா வாயைத் திறந்து கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் தும்மினேன்."

நியாயம்தான். மனசு இளகிவிட்டது. என் மனசு இளகினால் ஏதாவது ஒரு அச்சில் ஊற்றாமல் விட மாட்டேன்.

மறுநாள் நானே வரைபலகையைத் தூக்கிப் போய்ப் பின்னறை ஜன்னலடியில் போட்டேன். கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பல். பலகைமேல் அன்று அச்சிலிருந்து எடுத்த பெரிய சோப்புக் கட்டியை வைத்தேன். கத்தியை எடுத்தேன். அவர் கண்ணெதிரே, மனசாட்சியே இல்லாமல், கோணலாக ஒரு துண்டு வெட்டினேன்.

"என்னது இது?" என்றார்.

"சோப்பு."

"இதுவா? ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் தகடு. மனுஷன் கையில எடுப்பானா இதை?"

"குழந்தைங்களுக்குத்தானே. அதுங்களுக்கு என்ன தெரியும்?" என்று இன்னொன்று வெட்டினேன். முந்தினதைவிடக் கேவலமாக.

அவ்வளவுதான். கம்பளி ஒரு மூலைக்குப் பறந்தது. ஜலதோஷம் இன்னொரு மூலைக்குப் பறந்தது. "கத்தியைக் குடு. நகரு. அந்த டீ-ஸ்கொயர் ஸ்கேலை எடு. பென்சில் எங்க?"

இப்போது எல்லாச் சோப்பும் அவர் கையில்தான். கோடு போட்டு, அளந்து, ஓரம் சீவி, ராணுவ அணிவகுப்பு மாதிரி அடுக்கிவிடுகிறார். துணிக்கடை அம்மா, "மெஷின்ல வெட்டறீங்களா மேடம்?" என்று கேட்டார்.

நேற்று நர்ஸ் அக்கா ஜலதோஷம் விசாரிக்க வந்தார். பின்னறையிலிருந்து வீட்டுக்காரர் குரல் கம்பீரமாக வந்தது: "எல்லாம் போயிடுச்சுக்கா! கடைசில பாத்தீங்களா, எப்படியோ போராடி இந்த ரூமைப் பிடிச்சிட்டேன்!"

ஆமாம், பிடித்துவிட்டார். நான் ஹாலில் மின்விசிறிக்கு அடியில், அவருடைய சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சொன்னேன்: "பிடிச்சது போதும், அந்த மேல்தட்டுல இன்னும் வெட்டாம ஒண்ணு இருக்கு பாருங்க."